திறந்து பார்க்கப்படாத தேயிலைப் பொட்டலம்

அனுப்புநர்:
மு. கந்தப்பன்,
தொழிற்சாலை வாயிற் காவலாளி,
வெள்ளைப்பாறைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
நமுனுகுல, பதுளை மாவட்டம்.

பெறுநர்:
விமான நிலையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள்,
கொழும்பு.

விடயம்: வெளிநாடு செல்லும் பணிப்பெண்களின் பைகளை விதிவிலக்கின்றித் திறந்து சோதிக்கக் கோருவதும், அவ்வாறு சோதிக்கப்படாமல் சென்று அரபு நாட்டுச் சிறையில் இருக்கும் என் மகள் தெய்வானைக்காகத் தங்களிடம் அத்தாட்சிக் கடிதம் வேண்டுவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை வாயிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காவலாளியாக வேலை செய்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாள்தோறும் சோதனைப் புத்தகம் எழுதி எழுதி எழுத்து கைக்கு வந்தது. ஆகையால் இம்மனுவை நானே எழுதுகிறேன். இதில் பிழை இருந்தால் அது என்னுடையதே. பதுளை கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஜனாப் மஹ்ரூப் அவர்கள் செய்து கொடுத்த சிங்கள மொழிபெயர்ப்பை இத்துடன் இணைத்துள்ளேன்.

2. வேலை முடிந்து வெளியேறும் ஆட்கள் தேயிலைத் தூளை மறைத்துக் கொண்டு போகாமல் பார்ப்பதே என் கடமை. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் தனியே நிற்பார். பைகளும் சாப்பாட்டுத் தூக்குகளும் என் பொறுப்பு. தங்கள் விமான நிலையத்தையும் எங்கள் தொழிற்சாலை வாயிலையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தாங்கள் எண்ணக்கூடும். இருந்தாலும் வாசலில் நின்று அடுத்தவர் பையைத் திறக்கிறவனுக்குக் கிடைக்கும் ஏச்சும் பேச்சும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்ளாத வீடு எங்கள் லய வரிசையில் குறைவு.

3. என் மகள் தெய்வானைக்கு வயது இருபத்துமூன்று. அவள் இதே தொழிற்சாலையில் தூள் தரம் பிரிக்கும் பகுதியில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தாள். மாலை நேரத்தில் அவளும் வரிசையில் நின்றுதான் வெளியே வர வேண்டும். மகள் என்று நான் ஒருநாளும் அவளை விட்டதில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவளுடைய தூக்கைத் திறந்து, அடித்தட்டையும் தூக்கிப் பார்த்த பின்பே போகச் சொல்வேன். அவளுக்கு அது பெரிய வெட்கம். வீட்டுக்கு வந்ததும் என்னோடு பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்து கொள்வாள். என் மனைவி ராசம்மாவும் மகள் பக்கம் சேர்ந்து கொண்டு, உங்களுக்கு ஊர் உலகத்தில் இல்லாத உத்தியோகம் என்பாள்.

4. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் எங்கள் லயத்தில் மழைக்காலத்தில் நனையாத இடம் கதவோரம் மட்டுமே. தனியாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது தெய்வானையின் ஆசை. எங்களுக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்து, அதைக் கொண்டு அவளுக்குக் கடவுச்சீட்டும் கிடைத்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட முதல் பெண் அவள். 1985 ஏப்ரல் 23ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் விமானத்தில் அவள் போனாள். முந்திய நாளே பதுளையிலிருந்து ரயிலில் கொழும்புக்கு வந்து, நானும் அவளும் காலை பத்து மணிக்கெல்லாம் விமான நிலைய வாசலில் நின்றோம்.

5. அங்கே, வழியனுப்ப வந்தவர்கள் தாண்டக் கூடாத தடுப்புக்கு வெளியே, சுமார் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்களை நெருங்கினார். நீலச் சட்டை, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எங்கள் பேச்சைக் கேட்டே மலைநாட்டு ஆட்கள் என்று கண்டுபிடித்ததாகச் சொன்னார். தம் பெயர் நல்லையா என்றும், ஊர் கொஸ்லந்த என்றும், தம் தங்கையும் தெய்வானை போகும் அதே நகரத்தில் வேலை செய்வதாகவும் கூறினார். தங்கைக்காகத் தாயார் அனுப்பியது என்று வெள்ளைத் துணியில் தைத்த ஒரு பொட்டலத்தைக் காட்டினார். அதைத் தங்கையின் நண்பர் ஒருவர் அங்குள்ள விமான நிலையத்துக்கே வந்து வாங்கிக் கொள்வாராம். அது தெய்வானையின் பைக்குள் போயிற்று.

6. தெரியாத ஆளிடம் ஏன் வாங்க வேண்டும் என்று தாங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எங்கள் மலையில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அவர் தம் பையோடு மட்டும் போவதில்லை. அப்புத்தளைக்குப் போனாலும் சரி, கப்பலேறி இந்தியாவுக்குப் போனாலும் சரி, நாலு வீட்டுப் பொட்டலம் கூடவே போகும். மாட்டேன் என்று சொல்கிறவரை நாங்கள் மனிதரில் சேர்ப்பதில்லை. அதிலும் ஒரு தாய் பிள்ளைக்கென்று தைத்துக் கொடுத்ததை நடுவழியில் பிரித்துப் பார்ப்பது, அந்தத் தாயைத் திருடி என்று சொல்வதற்குச் சமம். கடிதமும் பொட்டலமும் இப்படிக் கைமாறித்தான், இரண்டு தேசங்களாகப் பிரிந்து போன எங்கள் குடும்பங்கள் இன்னும் குடும்பங்களாக இருக்கின்றன. அந்த மனிதர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

7. உள்ளே நடந்ததை மகள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அறிந்தேன். பைகளைச் சோதிக்கும் மேசையில் வயதான ஓர் அதிகாரி இருந்தாராம். முன்னால் நின்ற வியாபாரிகளின் பெட்டிகளையெல்லாம் கலைத்துப் பார்த்தவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பதினோரு பேர் ஒன்றாக அழுதுகொண்டு வந்ததைக் கண்டு இரங்கிவிட்டார். எந்தப் பையையும் திறக்காமல், வெண்கட்டியால் கோடு மட்டும் போட்டு, “போ மகளே” என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினாராம். “நல்ல மனுசன் அப்பா, ஒங்களப் போல கெடுபிடி இல்ல” என்று தெய்வானை எழுதியிருக்கிறாள்.

8. அந்த அதிகாரிக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்க இம்மனுவை நான் எழுதவில்லை. அவருக்கும் மகள் இருக்கலாம். அவர் செய்த தவறை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். 1974இல், மாவுக்கும் அரிசிக்கும் ஆலாய்ப் பறந்த காலத்தில், இராக்கம்மா என்ற எட்டு மாதக் கர்ப்பிணி எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவரை வரிசையில் நிறுத்த மனம் வராமல் மூன்று வாரம் சோதிக்காமல் விட்டேன். நான் அவரைச் சோதிப்பதில்லை என்பதைக் கண்டுகொண்ட ஒருவன், அந்தப் பெண்ணை மிரட்டித் தினமும் அவர் மூட்டையில் தூளை வைத்து வெளியே கடத்தியிருக்கிறான். பிடிபட்டபோது வேலை போனது இராக்கம்மாவுக்குத்தான். அவன் இன்றும் தோட்டத்தில் நிமிர்ந்து நடக்கிறான். காவலாளி யார் மேல் இரக்கப்படுகிறான் என்பதைத்தான் கெட்டவன் முதலில் நோட்டம் விடுகிறான் என்று அன்று தெரிந்து கொண்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

9. விமானம் இறங்கிய நாட்டில் இரக்கம் இருக்கவில்லை. அங்கே பொட்டலத்தைப் பிரித்தார்கள். மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தேயிலைத் தூள். அதன் கீழே போதைத் தூள் நிரப்பிய பைகள். வாங்க வருவதாகச் சொன்ன நண்பர் யாரும் வரவில்லை. ஆகஸ்ட் மாதம் அவளுக்குப் பத்து ஆண்டுச் சிறை விதித்தார்கள். அந்நாட்டின் பெயரும் சிறையின் பெயரும் அவளது கைதி இலக்கமும் இணைப்பில் உள்ளன. இங்கே அந்த மேசையிலேயே அது பிரிக்கப்பட்டிருந்தால், வாசலுக்கு வெளியே நானும் நின்றேன், அந்த ஆளும் அதிக தூரம் போயிருக்க மாட்டான். மிஞ்சிப் போனால் பயணம் தவறி, அழுதுகொண்டு ரயிலேறி வீட்டுக்கு வந்திருப்பாள்.

10. செய்தி வந்த பின் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் கொஸ்லந்தப் பக்கம் போய் லயம் லயமாக விசாரித்தேன். நல்லையா என்ற பெயரில் மூவர் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் பார்வை இல்லை. ஒருவர் கோயில் பூசாரி. மூன்றாமவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அவருடைய மனைவி என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். திரும்பும்போது, பதுளையில் இருக்கும் தம் மகளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலமும் நீட்டினார். வாங்க என் கை வரவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

11. ஐயா, ஐந்தாம் பத்தியில் நான் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன். எழுதாமல் விட்டதோடு இம்மனுவை முடித்துவிடவும் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. அந்தப் பொட்டலத்தை வாங்கத் தெய்வானைக்கு விருப்பம் இருக்கவில்லை. என்னைத் தனியே அழைத்து, “தெரியாத ஆளு அப்பா, வேணாமே” என்றாள். நான் பொட்டலத்தை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். நல்ல உலர்ந்த தூளின் வாசனை, எங்கள் தொழிற்சாலைத் தூளைப் போலவே. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் பைக்குள் தேயிலையைத் தேடியே பழகியவன், தேயிலை இருக்கிறது என்று தெரிந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். “தேயிலதான் புள்ள. ஒரு தாய் தச்சுக் குடுத்தது, கொண்டு போ” என்று சொன்னேன். என் கையாலேயே அதை அவள் பைக்குள் வைத்தேன்.

12. இதை அவள் அங்குள்ள பொலிசிடமோ நீதிமன்றத்திலோ சொல்லவில்லை. ஜனாப் மஹ்ரூப் அவர்களின் தம்பி ஹுமைத் அதே நகரத்தில் வேலை செய்கிறார். அரபு மொழி தெரிந்தவர். அவர் சிறைக்குச் சென்று அவளைப் பார்த்து, அவள் எழுதிய கடிதத்தை வாங்கி அனுப்பினார். அதில், “நானேதான் வாங்கினேன்னு சொல்லியிருக்கேன். ஒங்க பேரச் சொன்னா ஒங்களையும் புடிப்பாங்க, அம்மா தனியா என்ன செய்வாங்க? நீங்களும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க” என்று எழுதியிருக்கிறாள். என்னைக் காப்பாற்ற என் மகள் சிறையில் இருக்கிறாள். தினமும் தூக்கைத் திறந்து பார்த்த அப்பனுக்காக இருக்கிறாள். இதை ராசம்மாவிடம் சொன்ன அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. பேசாமலிருப்பதே நியாயம்.

13. ஹுமைத் அவர்கள் சொல்லி அனுப்பியபடி, அந்நாட்டில் நோன்பு மாதத்துக்கு முன்னர் கைதிகளின் கருணை மனுக்கள் பார்க்கப்படுமாம். தை மாத முடிவுக்குள் அத்தாட்சியுடன் மனு போய்ச் சேர வேண்டும். ஆகையால் தங்களிடம் நான் வேண்டிக் கொள்வது:

அ. 23.04.85 அன்று பணிப்பெண்களின் பைகள் திறந்து சோதிக்கப்படவில்லை என்பதையும், பொட்டலத்தை மகள் கையில் கொடுத்தது தகப்பனாகிய நானே என்று வாக்குமூலம் அளித்துள்ளதையும் தங்கள் முத்திரையுடன் ஒரு கடிதமாகத் தந்துதவ வேண்டும். இதற்காக என்னை விசாரணைக்கு அழைத்தாலும், தடுத்து வைத்தாலும் நான் வரத் தயார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் தோட்டத் துரையிடம் விடுமுறை சொல்லிவிட்டு அன்றைக்கே ரயிலேறிவிடுவேன்.

ஆ. நீலச் சட்டை மனிதரைப் பற்றி விசாரிக்க வேண்டும். அவர் தடுப்புக்கு வெளியே இருந்த தேநீர்க் கடைக்காரருடன் பழகியவர் போலப் பேசியதைப் பார்த்தேன்.

இ. இனி எந்தப் பெண்ணின் பையும் திறக்கப்படாமல் போகக் கூடாது. அவள் அழுதாலும், ஏழையாக இருந்தாலும், அவளுக்குப் பின்னால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் திறக்க வேண்டும். திறக்கும்போது, “இதைக் கட்டியது நீயா, வேறு யாராவதா?” என்று அவளுக்குப் புரியும் பாஷையில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் கடவுச்சீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் யாரோ ஒருவர் வாசலில் பொட்டலத்துடன் காத்திருப்பார். அவர்களின் தகப்பன்மாரிடம் போய், யாரிடமும் எதையும் வாங்க விடாதீர்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள். ஆனால் வாங்குவார்கள், ஐயா. எங்கள் சனங்களை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் தங்கள் ஆட்களின் கை ஒன்றுதான் காப்பாற்றும்.

14. சோதனை கடுமையானால் சனங்கள் திட்டுவார்கள். திட்டட்டும். என் மகளும் மூன்று ஆண்டுகள் மனதுக்குள் என்னைத் திட்டியிருப்பாள். அந்தத் திட்டையெல்லாம் ஒருசேர வாங்கிக் கொண்டு, அன்றைக்கு ஒரே ஒரு தையலைப் பிரித்திருந்தேன் என்றால் இந்த மனுவை எழுத வேண்டியிருக்காது.

15. கடைசியாக ஒன்று. தங்கள் தயவாலும் கடவுள் கிருபையாலும் என் மகள் என்றைக்காவது அந்த வாசல் வழியாகத் திரும்பி வருவாள். சிறையிலிருந்து வருகிறவள், பாவம் என்று நினைத்துத் தங்கள் அதிகாரிகள் அவளை அப்படியே விட்டுவிட வேண்டாம். அவளையும் வரிசையில் நிறுத்தி, அவள் பையை முழுவதும் திறந்து, அடித்துணி வரை பார்த்த பின்பே அனுப்புமாறு கேட்டுக் கொள்கிறேன். அவள் கோபித்துக் கொள்ள மாட்டாள். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் வெளியே நின்று கொண்டிருப்பேன்.

தங்கள் பதிலை ஒவ்வொரு நாளும் தபால் நேரத்தில் எதிர்பார்த்து நிற்கும்,

மு. கந்தப்பன்
(ஒப்பம்)

இடம்: நமுனுகுல
திகதி: 11.11.1985

இணைப்புகள்: சிங்கள மொழிபெயர்ப்பு, மகளின் கடிதப் பிரதி, தீர்ப்பின் பிரதி, தெய்வானையின் புகைப்படம் ஒன்று. வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். பார்த்த பின் திருப்பி அனுப்பி வைக்குமாறு ராசம்மா கேட்டுக் கொள்கிறாள்.