ஒரே வண்டி, இரண்டு மண்டை

அனுப்புநர்:
தெருவே ‘மண்டை மாமா’ என்றழைக்கும் முன்னாள் பேருந்து ஓட்டுநர்,
தற்போது பணிமனையில் பேருந்து கழுவுபவர்.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: என் அக்காள் மகளை ஐந்தாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்கிய உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மலையினும் உயர்ந்த மதிப்புக்குரிய அம்மையீர்,

1. சென்ற ஆண்டு என் ஸ்கூட்டர் ஒரு தண்ணீர் லாரியோடு மோதியது. லாரிக்குத்தான் சேதம் அதிகம் என்பது என் கட்சி. ஆனாலும் எனக்கும், பின்னால் அமர்ந்திருந்த என் அக்காள் மகளுக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் மண்டையில் தையல் போட்டார்கள்.

2. வேலைக்குத் திரும்பியதும், பேருந்தைப் பயணிகளோடு என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். மேலாளர் கோபிக்கவில்லை. “அடிபட்ட தலைண்ணே, மெதுவா வாங்க” என்று கழுவும் வேலைக்கு மாற்றினார். கழுவிய பேருந்தையே மறந்துபோய் மறுபடி கழுவுகிறேன். அண்டசராசரத்திலும் அவ்வளவு சுத்தமான பேருந்து கிடையாது. ஒருவரும் ஏசியதில்லை.

3. பள்ளிக்குத் திரும்பிய என் அக்காள் மகளும் அப்படித்தான், கணக்கைப் பாதியில் விட்டு ஜன்னலைப் பார்த்தாள். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். தேர்வில் தோற்றதும் இரண்டாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். “தையல் காஞ்சு முடியும் வளந்தாச்சு, இன்னும் என்ன சாக்கு?” என்றார் தலைமையாசிரியர். முடி வளர்ந்தால் மூளை சரியாகிவிடும் என்றால், வழுக்கையனாகிய என் கதி என்ன?

4. டாக்டர் சொன்னது இது: “பெரியவங்க தொலைச்சது உடனே தெரிஞ்சிடும். குழந்தைக்கு இனிமே கத்துக்கறதுல அடி. பாடம் கஷ்டமாகும்போதுதான் வெளிய வரும்.” அவள் சொன்னது இது: “மாமா, கேள்வியோட கடைசிக்குப் போறதுக்குள்ள ஆரம்பம் ஓடிப்போயிடுது.” ஆகவே வீட்டில் மற்ற கேள்விகளைக் காகிதத்தால் மூடி, ஒன்றை மட்டும் காட்டுகிறோம். மெதுவாக, ஐந்தாம் வகுப்புக் கணக்கையே போட்டுவிடுகிறாள். என் தப்பையும் திருத்திவிட்டு, “உனக்கு அடி பலமோ?” என்று கேட்கிறாள்.

5. எனவே அந்த உத்தரவை ரத்து செய்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வியாக, கூடுதல் நேரம் தந்து மறுதேர்வு நடத்த வேண்டும். பரிதாபம் வேண்டாம். பேருந்து கழுவுகிறவனுக்குக் கிடைத்த நியாயம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும்.

6. மறுத்தால், அதே அடி வாங்கியவன் என்ற உரிமையில் திங்கட்கிழமை நானும் இரண்டாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருவேன். பெஞ்சு ஒடிந்தால் தங்கள் அலுவலகமே பொறுப்பு. எழுந்து போகச் சொல்லிப் பயனில்லை; சொன்னது மறந்துவிடும்.

இடம்: பள்ளிக்கு எதிரே, பேருந்து நிறுத்தம்
நாள்: தேர்வு முடிவு வந்த மறுநாள்

அடங்காத பணிவுடன்,
(ஒப்பம்) மண்டை மாமா
கணக்கையும் பிழையையும் சரிபார்த்தவள்: அக்காள் மகள், ஐந்தாம் வகுப்பு