ஒரு 'ஹீ' செய்த கலாட்டா

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

போன வாரம் எங்கள் வார்டில் ஒரு வயதான அம்மாவுக்கு மூச்சு முட்டியது. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். நமக்குத்தான் ஆணானாலும் பெண்ணானாலும் பெரியவர்கள் எல்லோரும் 'அவர்' ஆயிற்றே! பதற்றத்தில் 'ஷீ' என்பதற்குப் பதில் 'ஹீ' என்றுவிட்டேன். டாக்டர் எதிர் அறைப் பெரியவரிடம் ஓடினார்.

கூட வேலை பார்க்கும் நர்ஸ், என்னைப் போலவே இங்கே வந்திருக்கும் வேறு நாட்டுக்காரி, ஓடிப்போய் டாக்டரை மறித்தாள். "அவருக்கில்ல டாக்டர், இந்த அம்மாவுக்கு!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் அவளிடம் நான் அழுதேன். "எங்க பாஷையிலயும் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வார்த்தைதான். நானும் இன்னும் மாத்தித்தான் சொல்றேன். அதான் நீ 'ஹீ'ன்னதும் யாருன்னு எட்டிப் பார்த்தேன்," என்றாள். டாக்டரிடமும், "இனிமே கட்டில் நம்பரையும் கேளுங்க," என்று கூசாமல் சொல்லிவிட்டாள். என்ன மனுஷி அம்மா அவள்!

கவலைப்படாதீர்கள், இப்போது நம்பரோடுதான் சொல்கிறேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் என்னை 'ஏண்டி' என்று நாலு வார்த்தை திட்டுங்கள். இங்கே டாக்டருக்கும் எனக்கும் ஒரே 'யூ'தான்; வாடி போடி என்று கூப்பிட ஆளில்லை.

உங்கள் மகள்