சர்க்கரை பாட்டிலின் இரண்டு கோடுகள்

மாமா,

மதியச் சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. மாத்திரை தட்டுக்குப் பக்கத்தில்.

சர்க்கரையை விடுவதென்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். விருந்தாளிகளுக்காக வைத்த பாட்டிலின் லேபிளில் திங்கட்கிழமை ஒரு கோடு போட்டேன். இன்று சர்க்கரை அதற்கு இரண்டு விரல் கீழே இருக்கிறது. கேட்டால், "எறும்பா இருக்கும் மாப்ளே" என்பீர்கள். எறும்பு ஈர ஸ்பூனை உள்ளேயே விட்டுப் போகாது.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் மகள் இருந்தபோது போட்ட கோடு பின்பக்கத் தாளில் இருக்கிறது. கீழே அவள் கையெழுத்து: "அப்பாவா, இவரா? ரெண்டு பேரையும் நம்பறதுக்கில்ல."

மாலையில் பேசுவோம்.

பி.கு.: புதன்கிழமை ஒரு ஸ்பூன் எடுத்தது நான்தான்.

இன்னொன்று: சர்க்கரையை வேண்டுமானால் கொட்டிவிடுங்கள். பாட்டிலைக் கழுவ வேண்டாம்.