படகுக்குள் ஒரு சொட்டும் இல்லை

பிள்ளையின் அப்பாவுக்கு,

படகு பத்திரம். பயப்பட வேண்டாம்.

நீங்கள் கொழும்புக்குப் போன நாளிலிருந்து மழை விடவில்லை. லயத்து வீட்டின் தகரக் கூரை ஒழுகிப் பிள்ளையின் பாய் நனைந்தது. நீங்கள் பாதி பழுதுபார்த்து விட்டுப்போன படகை மூடியிருக்கும் தார்ப்பாயைத்தான் போனில் கேட்டேன். "நீங்க மூலையில ஒதுங்கிப் படுங்க. படகுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாது" என்று கத்தினீர்கள்.

போகவில்லை.

பக்கத்துக் காம்பிரா வீட்டு ஆட்கள் நேற்று படகைத் தூக்கி நம் கூரைமேல் கவிழ்த்தார்கள். காற்றுக்கு அசையாமலிருக்க, நீங்கள் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய விளிம்பெல்லாம் நானே ஆணி அடித்தேன். நீங்கள் அடைத்த வெடிப்புகள் நன்றாகத் தாங்குகின்றன. பிள்ளை நனையாமல் தூங்குகிறாள்.

தார்ப்பாயை மடித்து வைத்திருக்கிறேன். வந்தால் போர்த்திக்கொண்டு, வாசலில் ஒரு மூலையாகப் பார்த்து ஒதுங்கிப் படுங்கள்.

இப்படிக்கு,
ஈரப் பாயைப் பிழிந்தவள்