வெந்நீரில் வெந்தவருக்குச் சலைன் ஏற்றாமல் வலி ஊசி மட்டும் போட்டு வைத்திருந்தது குறித்து

அனுப்புநர்
சே. வேலுத்தாய் (வயது 34),
க/பெ. (லேட்) சேதுபதி,
கீழத்தெரு, சோழபுரம்,
ராஜபாளையம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: கணவர் மரணம் – விசாரணையும், ஆலையில் துணி வெளுக்கும் தொட்டியை உடனே நிறுத்த ஆணையும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் ராஜபாளையம் அருகே பேண்டேஜ் துணி ஆலையொன்றில் வேலை பார்த்தோம். ஆலையின் விவரம் தனித்தாளில் உள்ளது. அவருக்குத் துணி வெளுக்கும் தொட்டியில் வேலை. எனக்கு மடிப்புப் பிரிவில். 22.04.2025 காலை ஏழேகாலுக்குத் தொட்டியின் மூடி விலகி, கொதிநீர் அவர் மார்பிலிருந்து முழங்கால் வரை கொட்டியது.

2. மேற்பார்வையாளர் காளிராஜ் 108-ஐ அழைக்க விடவில்லை. கேஸாகிவிடும், ஷிப்டு முடிந்ததும் வேனில் அனுப்பலாம் என்றார். முதலுதவி அறையில் வலி ஊசி போட்டார்கள். "ஏட்டி, நாக்கு ஒட்டுது, செத்த தண்ணி தா" என்று என் கணவர் கேட்டார். "வெந்த உடம்புக்குத் தண்ணி ஆகாது, தூங்கட்டும்" என்றார் காளிராஜ். நான் கொடுக்கவில்லை. என் கணவர் கத்தும்போதெல்லாம் ஊசி போட்டார்கள். மொத்தம் நான்கு.

3. ஆலைத் துணியை எடுத்து நானே கட்டுப் போட்டேன். துணி ஊறிக்கொண்டே இருந்தது. மாற்றி மாற்றிக் கட்டினேன். பதினொரு சுருள் நனைந்தன. புண் தண்ணீர் வடிந்தால் நல்லது என்று நினைத்தேன். பிறகு அவர் அமைதியானார். குணமாகிறார் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

4. இரண்டு மணிக்கு மேல் திருவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உடம்பின் நீர்தான் துணியில் இறங்கியது, காயம் பட்ட நேரத்திலிருந்தே கணக்கிட்டுச் சலைன் ஏற்றியிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். வலி மருந்து தேவைதான். ஆனால் நாடியையும் மூச்சையும் பார்த்து அளந்து கொடுக்க வேண்டுமாம். சிறுநீரகம் நின்றுபோய், மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

5. அந்த மூடியை இப்போது கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். முதலுதவி அறைக்குப் புதிதாக ஒரு பெட்டி வலி ஊசி வந்திருக்கிறது. சலைன் ஏற்றத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என் கணவரின் இடத்தில் அவருடைய தம்பி கௌதம்ராஜை நியமித்துள்ளார்கள். போகாதே என்றேன். "அதான் ஊசி வச்சிருக்காங்கல்ல மதினி, பொறவு என்ன" என்கிறார்.

எனவே, தொட்டியைச் சோதித்து நிறுத்தவும், காயம்பட்டவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப ஆணையிடவும் வேண்டுகிறேன். தண்ணீர் கொடுக்காதவள் என்ற முறையில் என்னையும் விசாரியுங்கள். கௌதம்ராஜுக்கு வருகிற திங்கட்கிழமை, 16.06.2025 காலை ஆறு மணி ஷிப்டு. தங்கள் ஆணை அதற்கு முன் வர வேண்டும்.

இடம்: சோழபுரம்
நாள்: 13.06.2025

இப்படிக்கு,
சே. வேலுத்தாய்