பாப்பாவை நான் தூக்காதது ஏன்

மருமகளே,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். ஜாக்கெட் வாங்க டீச்சர் வந்தால், தையல் மெஷின் மேல் மடித்திருப்பதைக் கொடு.

தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றது பொய். அவளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பயப்படாதே.

"பேத்தியைத் தூக்கக்கூட உங்களுக்கு மனசு வரலையா அத்தே?" என்று நேற்று வெடுக்கென்று கேட்டுவிட்டாய். பதில் சொல்ல நாக்கு கூசியது. கனமாக எதைத் தூக்கினாலும் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. இருமினாலும் சிரித்தாலும் அப்படித்தான். பாப்பா கையை நீட்டிக்கொண்டு வரும்போதெல்லாம், புடவை நனைந்துவிடுமே என்றுதான் வேலை இருப்பதுபோல் மெஷினை மிதித்தேன்.

சின்ன ஆபரேஷன்தான்; உள்ளே ஒரு நாடாவை வைத்து மூத்திரக்குழாயைத் தாங்கிப் பிடிக்கச் செய்வார்களாம். ஊருக்கெல்லாம் நாடா தைத்துக் கொடுத்தவளுக்கு வந்த கதியைப் பார்! என் பிள்ளையிடம் மட்டும் மூச்சு விடாதே. மானம் போய்விடும்.

நாளைக்கு வந்துவிடுவேன்.

கட்டிலுக்கடியில் இருக்கும் துணி வாளியைத் தொடாதே. நானே வந்து துவைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, மறந்துவிட்டேன். ஒன்றரை மாதத்துக்குக் கனம் தூக்கக்கூடாதாம். அதுவரை நீ பாப்பாவைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடி. முத்தமாவது கொடுத்துக்கொள்கிறேன்.