சாம்பல் நாகமும் பச்சைப் பொட்டலமும்

மார்ச் 3, செவ்வாய்

பழைய கம்ப்யூட்டர் இன்று உயிரை விட்டது. விளையாட்டில் நாகம் வாயைத் திறந்தது, திரை கறுத்தது, அவ்வளவுதான். கூட விளையாடிய அக்கா போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "எங்கடி போன? நான் இங்க தனியா வெந்துட்டிருக்கேன்." பொத்தானை அமுக்கினேன், தட்டினேன், கெஞ்சினேன். முகர்ந்து பார்த்தால் பின்பக்கம் கருகல் வாசனை.

நியாயமாக நான் அழ வேண்டும். ஆனால் உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். இனி புதுசு வாங்கித்தானே ஆக வேண்டும். புத்தாண்டு போனஸ் வேறு கை படாமல் கிடக்கிறது.

மார்ச் 5, வியாழன்

லேபில் இன்று நான் செய்த கடைவாய்ப்பல் யாருடைய வாய்க்குப் போகிறதோ தெரியாது. அவர் நன்றாக மென்று நீண்ட நாள் வாழட்டும். செதுக்கும்போது என் மனசு முழுக்க கிராபிக்ஸ் கார்டுதான். செயற்கைப்பல் செய்கிறவளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கார்டு என்று அம்மா கேட்டாள். நாகத்துக்கு என்றேன்.

விளையாட்டில்லை, அவசரம் இருக்கிறது. ரூவான் அக்காவுக்கு நிறைமாதம் நெருங்குகிறது. சாம்பல் நாகத்தை நாங்கள் இருவரும் அடிக்க ஆரம்பித்தது நான் பள்ளிக்கூடம் முடித்த வருஷம். அவள் கல்யாணமாகித் தெற்கே காவ்ஷியோங் ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. அவள் கேடயம், நான் வில். இதுவரை ஒருமுறைகூட அது சாகவில்லை. பிள்ளை பிறந்ததும் லேப்டாப்பை விற்றுவிடப் போவதாகப் போன வாரம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பயம். கத்திச் சொன்னால் மறுநாளே மாற்றிக்கொள்கிற ஆள் அவள்.

அதற்குள் நாகம் சாக வேண்டும். அக்காவும் நானும் மனசு விட்டுப் பேசுவதே விளையாட்டில் அது வாழும் அந்தக் கோட்டைக்குள்தான். அவள் கல்யாணம் நிச்சயமானதை எனக்குச் சொன்னதுகூட அங்கே, ஒரு பாலத்தின்மேல் நின்றுகொண்டு. ஜெயித்தோம் என்றாவது முடியட்டும். பாதியில் அறுந்துபோனால் என்னால் தாங்க முடியாது.

மார்ச் 7, சனி

குவாங்ஹுவா மார்க்கெட், மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகள். போன ஜென்மத்தில் நான் அங்கே எலியாகத் திரிந்திருக்க வேண்டும், வெளியே வரவே மனசில்லை.

ஆசுங்கின் கடை மூன்றாம் மாடி மூலையில். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. நான் கேட்ட வானவில் விளக்கு ஃபேனைப் பார்த்துவிட்டு, "பளபளன்னு எரிஞ்சா நாகம் கண்ணு கூசிச் செத்துருமா?" என்றார். அந்தக் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடச் சொன்னார். ப்ராசஸர் நடுத்தரம் போதுமாம். மதர்போர்டு சின்னது. என் அறையில் கட்டிலும் மேசையும் போக நான் நிற்கத்தான் இடம் என்பதால், கேபினெட் மட்டும் ஒல்லியாய் உயரமாய் ஒன்று. கீழே காற்றை இழுத்து உச்சியில் தள்ளிவிடுமாம். சுற்றிலும் எதுவும் அண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மெட்ரோவில் பெட்டிகளை வயிற்றோடு அணைத்தபடி நின்றேன். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். அக்காவிடம் சொன்னேன். தனக்கே இன்னும் யாரும் எழுந்திரிக்கவில்லை என்று கோபப்பட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஓடுகிறது! ஓடுகிறது!

காலையிலிருந்து உட்கார்ந்து மாட்டினேன். எல்லாம் முடித்து பொத்தானை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. ஆசுங்குக்குப் போன் செய்தேன். ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது, அழுத்துங்கள் என்றார். பல் பொருத்துகிற பதத்தில் அழுத்தினேன் என்றேன்.

"அது யார் பல்லும் இல்லம்மா. க்ளக்குன்னு கேக்கற வரைக்கும் அமுக்குங்க. வலிக்காது."

க்ளக். படம் வந்தது. நான் ஆடிய ஆட்டத்தில் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

பிறகு தெருமுனைக் கடைக்குப் போய்ச் சமத்துப் பொட்டலம் வாங்கி வந்தேன். தேங்காய் மணக்கும் சோளப்பொரி. 'சமத்தாக இரு' என்பதுதான் அதன் பெயரே. மேலே வைத்தால் மெஷின் மக்கர் செய்யாமல் சமத்தாக ஓடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. லேபில் பல் சுடும் உலைமேல் ஒன்று இருக்கிறது, ஆசுங்கின் சோதனை மெஷின்மேல் ஒன்று. அது இல்லாமல் யார் மெஷின் ஓட்டுகிறார்கள்? பச்சைப் பொட்டலமாகத்தான் இருக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மெஷின் வேலைநிறுத்தம் செய்யும். தேதி தாண்டியிருக்கக் கூடாது. பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது. எல்லாம் பார்த்து, கேபினெட்டின் உச்சந்தலையில் அழகாகப் படுக்க வைத்துக் கும்பிட்டேன்.

இனி நாகம் தொலைந்தது.

மார்ச் 10, செவ்வாய்

மூன்றாம் கட்டம். நாகம் மேலே பறந்து திரை முழுக்க நெருப்பாய்க் கக்கியது. பட்டென்று அணைந்தது. நாகம் இல்லை, என் கம்ப்யூட்டர்.

மார்ச் 11, புதன்

இன்றும். அதே இடம். சும்மா படம் பார்த்தால், பாட்டுக் கேட்டால் குழந்தையாக இருக்கிறது. நாகம் நெருப்புக் கக்கினால்தான் செத்துவிடுகிறது. இதற்கும் நாகம் என்றால் பயமா?

மெஷினை வைத்திருக்கிற விதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் ஆசுங். அனுப்பினேன். சுற்றிலும் இடம் இருக்கிறது என்று மெச்சினார். "பச்சைதான் வச்சிருக்கீங்க. தேதி பாத்தீங்கல்ல?" என்றார். பார்த்தேன் என்றேன். அப்படியானால் பவர் சப்ளைதான் மூச்சு வாங்குகிறது, வேறொன்று தருகிறேன், மாட்டிப் பாருங்கள் என்றார். நல்ல மனுஷன்.

மார்ச் 14, சனி

அக்கா வந்துவிட்டாள், பிரசவம் வரை இங்கேதான். அத்தான் கப்பலிலிருந்து அதற்குள் வந்துவிடுவாராம். முதலில் வயிறு உள்ளே வந்தது, பிறகு லேப்டாப் பை, பிறகு அவள். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

ஆசுங் கொடுத்த பவர் சப்ளையை மாட்டலாம் என்று திருப்புளியை எடுத்தேன். அம்மா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். கர்ப்பிணி தங்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, திருகக் கூடாது, சாமானை இடம் மாற்றக் கூடாது. கருவுக்குக் காவலிருக்கும் சாமி எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறதோ தெரியாது, குத்திவிடுவோமாம்.

"அது பவர் சப்ளைக்குள்ள போயா உக்காந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"உக்காந்திருந்தா என்ன செய்வ?" என்றாள் அம்மா.

அக்கா சோபாவில் படுத்தபடி வயிறு குலுங்கச் சிரித்தாள். குழந்தை உதைக்கிறது, தன்னையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில்தானே திருகக் கூடாது? மெஷினை மெத்தைப்போர்வையில் சுற்றி, ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் நிறுத்தி, முழங்காலால் இடுக்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். பொட்டலம் காற்றில் பறந்துவிடும் என்று மேசையிலேயே வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, லேபில் ஆள் இல்லை. பல் அச்சுகள் வரிசையாய் இளித்தபடி பார்க்க, பவர் சப்ளையை மாற்றி, லேபின் திரையோடு இணைத்தேன்.

வீட்டிலிருந்து அக்கா, லேபிலிருந்து நான். மூன்றாம் கட்டம் தாண்டியது! நாகத்துக்குக் கால்வாசி உயிர்தான் பாக்கி. அப்போது அக்கா சொன்னாள்:

"நிங், எனக்கு ஒண்ணுக்கு வருது."

அடக்கச் சொன்னேன். இந்த மாதத்தில் அடக்குவதற்கு அங்கே இடமே இல்லை என்று ஓடினாள். நாகம் என்னை ஒரே வாயில் விழுங்கிற்று. போகட்டும். மெஷின் அணையவில்லை! வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்தேன். மேசையில் நிறுத்தி, பொட்டலத்தை அதன் இடத்தில் வைத்து, கும்பிட்டு, உட்கார்ந்தேன்.

மூன்றாம் கட்டம். பட்.

சாமிக்குப் பிடிக்கவில்லை என்றாள் அம்மா. எனக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தாச்சு. ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்த்தாச்சு. உங்கள் வீட்டு கரண்டில்தான் ஏதோ கோளாறு என்கிறார் ஆசுங். போன வாரம் பவர் சப்ளை என்றாரே. பொட்டலத்தைப் புதுசாக மாற்றியும் வைத்தேன், இன்னும் பெரிய பொட்டலமாக. இன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே அணைந்துவிட்டது.

அக்கா என் தலையைத் தடவி, "விடுடி. விளையாட்டுதானே," என்றாள்.

விளையாட்டுதானாம். இவ்ளோ வருஷம் என்கூட அந்தக் கோட்டைல கிடந்தது யாரு? காய்ச்சல்ல படுத்துக்கிட்டே எனக்குக் கேடயம் புடிச்சது யாரு? அவளுக்குப் புள்ள வந்துரும், எல்லாம் வந்துரும். எனக்கு? ரொம்ப அழுகையா வந்துச்சு. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுதேன். முப்பது தாண்டுன கழுத, பாம்பு சாகலன்னு அழுவுது.

மார்ச் 20, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

வேலை முடிந்து வந்தால் அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பிரித்த பச்சைப் பொட்டலம். விரலை நக்கிக்கொண்டிருக்கிறாள்.

"பசிச்சுது. எட்டற எடத்துல இதுதான் இருந்துச்சு," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாண்டி இருக்கு. கொஞ்சம் வேணுமா?"

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கடைக்கு ஓடினேன். பச்சை தீர்ந்துவிட்டது. மஞ்சள் மட்டும் வரிசையாய் என்னைப் பார்த்துச் சிரித்தது. வெறுங்கையோடு திரும்பினேன். எப்படியும் அணையத்தான் போகிறது, பொட்டலம் இல்லாமலே அணையட்டும் என்று அக்கா தன் லேப்டாப்பைத் திறந்தாள். இந்தத் தடவை முன்கூட்டியே பாத்ரூம் போய் வந்திருந்தாள்.

முதல் கட்டம். இரண்டாம் கட்டம். நாகம் பறந்தது, நெருப்பு கக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டே அம்பு விட்டேன். அணையவில்லை. திறந்து பார்த்தேன் — அணையவில்லை! அக்கா கேடயத்தை ஊன்றிக்கொண்டு, "அடிடி, அடிடி, அடிடி," என்று முனகுகிறாள். அம்மா கதவோரம் நின்று, எது பாம்பு எது நாங்கள் என்று தெரியாமலே, "இடது பக்கம்," என்கிறாள். என் கடைசி அம்பு. நாகம் மலை சரிகிற மாதிரி சரிந்தது.

கட்டிப்பிடித்தோம். நடுவில் வயிறு இருந்ததால் பக்கவாட்டில் கட்டிப்பிடித்தோம். இருவருக்கும் கண்ணீர்.

அப்புறம்தான், நன்றி சொல்கிற மாதிரி மெஷினின் உச்சியைத் தடவினேன். உள்ளங்கையில் சுடச்சுடக் காற்று மோதியது. நெல் அவிக்கிற அண்டாவைத் திறந்த மாதிரி. கையை அப்படியே வைத்திருந்தேன். கை வைத்த இடம்... பொட்டலம் படுத்திருந்த இடம். சூடெல்லாம் வெளியே வருகிற ஒரே வழியில், நானே, பார்த்துப் பார்த்து, தேதி சரிபார்த்து, மூடி போட்டுக் கும்பிட்டிருக்கிறேன். போதாக்குறைக்குப் பெரிசாக வேறு மாற்றி.

லேபில் ஏன் ஓடிற்று என்று இப்போது தெரிகிறது. சாமி பாவம், ஒரு மூலையில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஆசுங்குக்குச் சொன்னேன். "நானும் போட்டோல பாத்தேனே," என்றார். தேதி மட்டும்தான் கேட்கத் தோன்றியதாம். பின்னணியில் ஏதோ சரசரத்தது. தன் கடை மெஷின்மேல் இருந்த பொட்டலத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைக்கிறார் போல.

மார்ச் 21, சனி

நாகம் செத்துவிட்டது. காலையிலிருந்து என்ன செய்வதென்றே தெரியவில்லை. அக்கா லேப்டாப்பைத் துடைத்துப் பையில் வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பெண். அத்தான் நேற்றே வந்து சேர்ந்துவிட்டார். என்ன குரல்!

மே 16, சனி

காவ்ஷியோங் வந்திருக்கிறேன். அக்கா வீடு முழுக்கத் துணி காய்கிறது. பாப்பா விடாமல் அழுகிறாள். சமத்தாக இருக்கட்டும் என்று அம்மா போன வாரமே வந்து தொட்டிலின் தலைமாட்டில் பச்சைப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பாப்பாவிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

லேப்டாப்பை விற்றாயிற்றா என்று கேட்க வாய் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று பாப்பாவைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தேன். அக்கா உள்ளே போய் அதைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். ஃபேன் உர்ரென்று சுற்றத் தொடங்கியது. பாப்பா பாதி அழுகையில் நின்று, கண் சொருகி, என் கழுத்திலேயே தூங்கிப்போனாள்.

"இந்தச் சத்தம் இருந்தாத்தான் தூங்கறா. வயித்துல இருந்தப்ப கேட்ட பழக்கம்," என்றாள் அக்கா. "இத எப்படி விக்கறது? சும்மா ஓடவிட்டா சத்தம் பத்தல. பெரிய சண்டையாப் போட்டாத்தான் நல்லாச் சுத்துது. நம்ம விளையாட்டுல கடலுக்கு அடியில புதுசா ஒண்ணு வந்திருக்காமே, பாத்தியா?"

பார்க்காமல் இருப்பேனா? வந்த அன்றே பார்த்துவிட்டேன். தனியாக உள்ளே போக மனசு வராமல் வாசலிலேயே நிற்கிறேன் என்று சொன்னேன்.

பாப்பாவைத் தொட்டிலில் கிடத்தினேன். தலைமாட்டில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் கால்மாட்டுக்கு மாற்றி வைத்தேன். அக்கா என்ன என்பதுபோல் பார்த்தாள்.

"காத்து வரட்டும்," என்றேன்.